கொடி ஓட்டை

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெபராஜ் ஓசூருக்குப் போய்விட்டான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனான், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஐந்து வருடம் எங்கள் பட்டறையின் ஏசி அறைக்குள் உட்கார்ந்து சர்க்யூட் போர்டு வரைந்தவன். அவன் வரைந்ததற்கெல்லாம் நாங்கள் வெளியே ஃபேன் காற்றில் உட்கார்ந்து சால்டர் வைத்து உயிர் கொடுத்தோம். டீ கொடுக்கப் போனால்கூட மானிட்டரை அந்தப் பக்கம் திருப்பிவைப்பான். நான் பார்த்தால் கண் பட்டுவிடுமாம்.

சாயங்காலம் முதலாளி மயில்சாமி அண்ணன் கூப்பிட்டார். "சுகந்தி, நீ டிப்ளமோதான? இந்த போர்டு வரையற சாஃப்ட்வேரெல்லாம் காலேஜ்ல படிச்சிருப்பியே?"

ஒரே ஒரு செமஸ்டர் படித்தோம். நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதில் மவுஸைத் தொடாத நாலாவது ஆள் நான். "படிச்சிருக்கேனுங்ணா" என்றேன்.

"அப்ப நாளையிலிருந்து நீ உள்ள உக்காரு. நம்ம தொட்டிப் பெட்டி போர்டு இந்தச் சின்ன டப்பாக்குள்ள அடங்கோணும். தீபாவளிக்குக் கடைக்குப் போயாகோணும்."

தொட்டிப் பெட்டிதான் எங்கள் பட்டறைக்குச் சோறு போடுவது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடும், நிறைந்தால் அணைக்கும். போர்டில் இரண்டு பாதி உண்டு. மோட்டாருக்கான இருநூற்று முப்பது வோல்ட் ஓடும் பாதியைக் கரண்ட் பக்கம் என்போம். தொட்டித் தண்ணீருக்குள் இறங்கும் கம்பிகள் சேரும் பாதி தண்ணிப் பக்கம்.

வீட்டில் என் மாமனாரிடம் சொன்னேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விசில் ஊதித்தான் ஒப்புக்கொள்வார். ஊதினார். மஸ்கட்டில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரும் வீடியோ காலில் வந்து, "ஏசி ரூமா? சளி புடிக்கும், பாத்துக்கோ" என்றார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் இப்படித்தான் பேசுவார்.

செப்டம்பர் 4, வியாழன்

நாள் முழுக்க யூட்யூபில் ஒரு இந்திக்காரப் பையன் பாடம் எடுத்தான். பாஷை புரியவில்லை, அவன் மவுஸ் போகிற வழியைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். முதலில் சர்க்யூட் படம் போடவேண்டும். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் பலகையில் கொண்டுபோய் வைக்கவேண்டும். எதோடு எது சேரவேண்டுமோ அவற்றுக்கிடையே மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிகின்றன. ஒவ்வொரு நூலையும் செம்புப் பாதையாக மாற்றி முடித்தால் போர்டு முடிந்தது.

மத்தியானம் மவுஸ் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டினேன், படம் மொத்தமும் காணாமல் போய்விட்டது. ஐந்து வருட வேலையை அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கி மூலையில் கிடந்தது, அவ்வளவுதான்.

ஜெபராஜைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். கேட்கமாட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவன் ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதில் கைவைத்தேன். மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலேயை நகர்த்தினால்தான் சின்ன டப்பாவில் இடம் கிடைக்கும். நகர்த்தினேன். ரிலேக்கு அடியில் ஒரு நீளக் கோடு மட்டும் தனியாக நின்றது. எந்த நூலும் அதைத் தொடவில்லை, அதற்குப் பெயரும் இல்லை.

பழைய போர்டு ஒன்றை எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. அந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பலகையை அறுத்து விட்டிருக்கும். வெளியே போய் வளர்மதியக்காவிடம் காட்டினேன். ஈரம் படாமலிருக்கப் போர்டுகளுக்கு வார்னிஷ் அடிப்பது அவர்தான்.

"இதென்னக்கா?"

"தெரியாத மாதரக் கேக்கற? கொடி ஓட்டை."

ஆமாம். வார்னிஷ் அடித்ததும் அந்த ஓட்டை வழியாகக் கம்பியைக் கோத்து, ஜன்னலோரம் துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அதற்குப் பெயர் கொடி ஓட்டைதான்.

தொங்கவிட இவ்வளவு பெரிய ஓட்டை எதற்கு? கோட்டை அழித்துவிட்டு ஓரத்தில் சின்னதாக ஒரு வட்ட ஓட்டை வைத்தேன். எவ்வளவு இடம் மிச்சமாகிவிட்டது! ஐந்து வருடம் அந்த அறையில் உட்கார்ந்தவனுக்கு இது தோன்றவில்லை. மயில்சாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "மூளைக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 12, வெள்ளி

சரிபார்க்கிற பொத்தானை அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பு அம்புக்குறிகள். அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. எல்லாம் ரிலேயைச் சுற்றித்தான். கரண்ட் பக்கத்துக்கும் தண்ணிப் பக்கத்துக்கும் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. இந்த டப்பாவில் ஆறுக்கு எங்கே போவது? இங்கே தள்ளினால் அங்கே சிவப்பு, அங்கே தள்ளினால் இங்கே.

செப்டம்பர் 15, திங்கள்

மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. கால் விரல் மதமதப்பு அதனால்தான் என்றார் டாக்டர். எனக்குப் பித்தவெடிப்பு, வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பைக் கழற்றக்கூடாதாம்.

சிவப்பு போகவில்லை.

செப்டம்பர் 17, புதன்

போய்விட்டது!

இந்திக்காரப் பையனின் இன்னொரு வீடியோவில் கிடைத்தது, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியதால் புரிந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் பழைய ஃபைலில் இருக்கிற விதிகளோடு மல்லுக்கட்டவேண்டாம், சாஃப்ட்வேரிலேயே இருக்கிற விதிகளுக்குத் திரும்பிவிடுங்கள் என்று ஒரு பொத்தானைக் காட்டினான். அழுத்தினேன். ஆறு இருந்த இடத்தில் பூஜ்யம் புள்ளி இரண்டு வந்தது. மறுபடி சரிபார்த்தேன். பிழைகள்: 0.

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். ஜெபராஜ் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கவேண்டும், தனக்குப் பின்னால் யாரும் தொடக்கூடாது என்று.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று செம்பு நிரப்பக் கற்றுக்கொண்டேன். காலியாகக் கிடக்கும் இடத்திலெல்லாம் செம்பு தானாகப் பரவிக்கொள்கிறது. கொடி ஓட்டை இருந்த இடத்திலும் வழவழவென்று பரவியது. பார்க்க அவ்வளவு அழகு.

போர்டை அதன் நிஜ அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பாகங்களைக் குத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கச்சிதமாக உட்கார்ந்தது. காகிதத்தை டப்பாவுக்குள் வைத்தேன், அடங்கியது. போர்டின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு எஸ் எழுத்தையும் போட்டுவிட்டேன். யாரும் பார்க்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்தால் போதும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ட்ரில், கட்டர், சால்டர் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். மானிட்டருக்கு நான் என் கையால் குங்குமம் வைத்தேன். அச்சாகி வந்த புது போர்டை மயில்சாமி அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மின்சாரம் கொடுத்து நான்தான் டெஸ்ட் செய்தேன். ரிலே 'டிக்' என்றது, பச்சை விளக்கு வந்தது. பாஸ்.

வளர்மதியக்காவுக்குத்தான் குறை. "உன்ற ஓட்டைல கம்பி பூர மாட்டேங்குது. மேசை மேல படுக்கவெச்சுக் காயவெக்கறேன், பாதி வார்னிஷ் பேப்பர்லயே ஒட்டிக்குது." எதையாவது மாற்றினால் நாலு பேர் முனகத்தான் செய்வார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

முதல் பெட்டி எங்கள் வீட்டுக்கு. லீவு நாளாக இருந்ததால் நானே மாட்டினேன். மாடிப்படிக்கு அடியில், குளியலறைச் சுவரில். பழைய வீடு, இரும்புக் குழாய். தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றது. மாமா விசில் அடித்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினேன். காட்டினால் என்ன? நான் வரைந்தது.

அக்டோபர் 8, புதன்

நேற்று முதல் தவணை மேட்டுப்பாளையம் கடைக்குப் போனது. ராத்திரியிலிருந்து தூறல். படிக்கு அடியில் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பெட்டிக்குள் சிற்றெறும்பு சாரை போகிறது, சூட்டுக்கு வருகிறதாக்கும். மஞ்சள்தூள் போட்டேன்.

"அம்மிணி, தண்ணி சுருக்குன்னு கடிக்குது" என்றார் மாமா, ஈரக் காலோடு வந்து நின்றுகொண்டு.

"சக்கரைங்க மாமா. டாக்டர் அன்னைக்கே சொன்னாரே. டப்பால இருந்த லட்டு என்னாச்சு?"

அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கண்டக்டருக்கே டிக்கெட் கிழிக்கிற மருமகள் நான் ஒருத்திதான்.

அக்டோபர் 10, வெள்ளி

பாத்திரம் கழுவும்போது குழாயில் கை பட்டது. முழங்கை வரை ஏதோ ஓடியது. நாள் முழுக்க மவுஸ் பிடித்தால் நரம்பு என்னத்துக்கு ஆகும். தைலம் தேய்த்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பட்டறை லேண்ட்லைனில் ஒருவர் கூப்பிட்டார். பழைய போன், நம்பரெல்லாம் காட்டாது.

"மேட்டுப்பாளையம் கடைல உங்க பெட்டி ஒண்ணு வாங்கினேனுங்க. தோட்டத்து வூட்ல மாட்டியிருக்குது. மோட்டாரெல்லாம் நல்லா ஓடுதுங்க. சம்சாரம் பாத்தரம் வெளக்கறப்பக் கை ஒதறுதுங்கறா. அதுதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

மயில்சாமி அண்ணனைப் பார்த்தேன். "எர்த்து" என்று வாயசைத்தார்.

"எர்த் சரியிருக்காதுங்க. எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுப் பாருங்க. எங்க போர்டு ஒவ்வொண்ணும் டெஸ்ட் பண்ணித்தானுங்க வருது" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. டிசைன் செய்கிற ஆளின் குரல்.

"அப்படீங்களா? சரிங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

எண்பது பெட்டியும் போய்விட்டன. மேட்டுப்பாளையம், அவிநாசி, பொள்ளாச்சி. போனஸோடு ஒரு சேலையும் கொடுத்தார் மயில்சாமி அண்ணன், மயில்கழுத்து நிறம்.

சிறுவாணித் தண்ணீர் டிரம் இரண்டே நாளில் காலியாகிறது. குடிக்கவும் சமைக்கவும் பிடித்துவைக்கிற தண்ணீர். எங்கே போகிறதென்று தெரியவில்லை. மாமாவைக் கேட்டால் செடிக்கு ஊற்றினேன் என்கிறார். மழைக் காலத்தில் செடிக்குத் தண்ணீரா!

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிய விடிய மழை. எண்ணெய் காய்ச்சிவைத்து மாமாவைக் கூப்பிட்டால் குளிக்க மாட்டேன் என்று ஒரே பிடி. நல்ல நாளும் அதுவுமாக எண்ணெய் வைத்துக்கொள்ளாத மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். "சளி புடிக்கும் அம்மிணி" என்றார். நான் கத்திவிட்டேன். வயதானால் இப்படியா அழுக்குப் பிடித்துப்போவது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் பார்த்தால் வேட்டி மாற்றி, நெற்றியில் விபூதி வைத்திருந்தார். எப்போது குளித்தார், எங்கே குளித்தார்? கேட்கவில்லை. கோபம்.

அக்டோபர் 22, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடவேண்டும்.

பதினொரு மணி வாக்கில் ஜெபராஜ் போன் செய்தான். தீபாவளி வாழ்த்து சொல்லத்தான் கூப்பிட்டானாம். "நீங்கதான் இப்ப டிசைனாமே, ரொம்ப சந்தோஷம்க்கா" என்றான். விடுவேனா? சின்ன டப்பாவில் அடக்கியதைப் பெருமையாக அளந்துவிட்டேன். செம்பு நிரப்பியதைச் சொன்னேன்.

"ரிலேக்கு அடியில ஒரு நீள ஓட்டை விட்டிருந்தேனே, அது இருக்குல்ல?"

"கொடி ஓட்டையா? சின்னதாக்கி ஓரத்துல வெச்சுட்டேன்."

"கொடியா? என்ன கொடி?"

வார்னிஷ், கம்பி, ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். 

"அக்கா, அது தொங்கவிடுறதுக்கு இல்ல. கரண்ட் பக்கத்துக்கும் தண்ணிப் பக்கத்துக்கும் நடுவுல போட்ட வெட்டு. ஈரம், தூசி, எறும்பு, எது விழுந்தாலும் கரண்ட் அந்தப் பக்கம் தாண்டிடக் கூடாதுன்னுதான் பலகையையே அறுத்துவிட்டது. ஆறு மில்லி ரூல் வெச்சிருந்தேனே, அது இருக்கா?"

"சிவப்பா வந்துச்சு. மாத்திட்டேன்."

"எத்தனைக்கு?"

சொன்னேன்.

"அக்கா, அந்தக் கம்பி தொட்டித் தண்ணிக்குள்ளதான போகுது!"

"இத நீ யாருக்கும் சொல்லவேயில்லையே" என்றேன்.

"யாரும் கேக்கலையேக்கா."

மாமாவைக் கடித்த தண்ணீர், என் முழங்கை, செடிக்கு ஊற்றிய தண்ணீர் எல்லாம் எனக்குள் ஒன்றாகக் கூடி நின்றன. வீட்டுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, மாமா எடுக்கவில்லை. டெஸ்டரைக் கையில் பிடித்தபடியே ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் மழை. தீபாவளியன்று அவரை நான் சொன்ன வார்த்தையைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

மாமா வாசலில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன்.

செருப்பைக் கழற்றாமல் டெஸ்டரின் நுனியைக் குளியலறைக் குழாயில் வைத்தேன். விளக்கு எரிந்தது. குழாயின் கீழ் நிரம்பி நின்ற வாளியின் தண்ணீரில் வைத்தேன். அதிலும் எரிந்தது.

மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். செத்த எறும்புகள் ஒரு பிடி கொட்டின. கரண்ட் பக்கத்திலிருந்து தண்ணிப் பக்கத்துக்குப் பழுப்பாக ஒரு கருகல் போயிருந்தது. நான் அழித்த கோடு இருந்த இடத்தைச் சரியாகக் குறுக்கே தாண்டியிருந்தது.

மாமா பின்னால் வந்து நின்றார். "கண்டுபுடிச்சிட்டியா அம்மிணி?"

"உங்களுக்குத் தெரியுமாங்க மாமா?"

"நீ பெட்டி மாட்டுன வாரத்துலிருந்துதான் கடிக்க ஆரம்பிச்சுது. எனக்குக் கரண்டப் பத்தி என்ன தெரியும்? அந்தக் கொழாயப் புடிக்காம, ட்ரம்முத் தண்ணிய மொண்டு பொறவாசல்ல ஊத்திக்குவேன்."

"எங்கிட்ட அழுத்திச் சொல்லக் கூடாதா?"

"ஒருக்காச் சொன்னேன், சக்கரைன்னுட்ட. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? பக்கத்து வூட்டுக்காரங்களக் கூட்டியாந்து காட்டுனியே, அன்னைக்கு உன்ற மொகத்தப் பாத்தேன். உம்புருசன் மஸ்கட்டுக்குப் போனதுக்கப்பறம் உன்னய அப்படிப் பாத்ததேயில்ல."

குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். 

அக்டோபர் 23, வியாழன்

கருகிய போர்டை மயில்சாமி அண்ணன் மேசையில் வைத்தேன். வாளித் தண்ணீரில் விளக்கு எரிந்ததைச் சொன்னேன்.

"வெளிய மூச்சு விடாத. அடுத்த லாட்ல சரி பண்ணிக்கலாம். பேரு போச்சுன்னா பட்டறையே போச்சு" என்றார். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்கக்கா வூட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டனே" என்று எழுந்தார். போனில் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். நான் வாங்கி அழுத்தினேன்.

அக்கா எடுத்தார்கள். நன்றாக இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வெளியே மூச்சு விடாதே என்று சொல்லவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

அவிநாசி முடிந்தது. பொள்ளாச்சியும் முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே போய்க் கழற்றுகிறோம். பொள்ளாச்சியில் ஒரு பெண்கள் விடுதி. வார்டன் அம்மா சொன்னார்: "ஒரு வாரமாப் புள்ளைங்க தண்ணி சுருக்குங்குதுன்னு சொல்லீட்டேதான் இருந்துதுங்க. சாப்புடாம நரம்பு தளந்துபோச்சுன்னு நாந்தான் வெரட்டியுட்டேன்."

நான் பெட்டியைக் கழற்றினேன். 

கழற்றும் ஒவ்வொரு போர்டிலும் அந்த எஸ் இருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன.

மேட்டுப்பாளையம் கடையில் அந்த ஒன்றை யாரோ நேரில் வந்து வாங்கிப்போயிருக்கிறார்கள். தீபாவளிக் கூட்டம், பில் இல்லை, பெயர் இல்லை. "ஸ்கூட்டர்ல வந்தாரு, தலைல துண்டு கட்டியிருந்தாரு" என்கிறார் கடைக்காரர். பெட்டியைப் பற்றிக் கடைக்கு யாரும் போன் செய்ததாகவும் அவருக்கு நினைவில்லை.

எனக்கு ஒரு போன் நினைவிருக்கிறது. கழற்றிய வீடுகளிலெல்லாம் கேட்டுவிட்டேன், பட்டறைக்குப் போன் செய்தது நாங்கள் இல்லை என்றார்கள். அப்படியென்றால் சம்சாரத்துக்குக் கை உதறுகிறது என்றாரே, அந்தத் தோட்டத்து வீட்டுக்காரர்தான் துண்டு கட்டியவர்.

லோக்கல் கேபிளில் எழுத்து ஓடவிட்டிருக்கிறோம். டீக்கடைகளில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம். சாலையோரத் தோட்டத்து வீடுகளில் இறங்கி இறங்கிக் கேட்டாயிற்று. மலையடிவாரம் முழுக்கத் தோட்டத்து வீடுதான்.

நவம்பர் 4, செவ்வாய்

ஏசி அறையில் இப்போது யாரும் இல்லை. மேசையை வெளியே, லேண்ட்லைன் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். போன் அடித்தால் முதலில் சொல்லவேண்டியதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: மெயினை அணையுங்கள், குழாயைத் தொடாதீர்கள், வீட்டம்மாவையும் தொடவிடாதீர்கள்.

இன்று மூன்று முறை அடித்தது. கூரியர், கேஸ், ஒரு தவறான எண்.

மேட்டுப்பாளையம் பக்கம் இன்றும் நல்ல மழையாம். எதை மறந்தாலும் அவர் குரலை மறக்கமுடியவில்லை. எவ்வளவு மரியாதையான குரல். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார், அவனும் எர்த்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான். அதற்குமேல் அவர் ஏன் மறுபடி போன் செய்யப்போகிறார்? நான் சொன்னால் சரிதான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.